நம்பிக்கை: நூற்றுக்கு ஏழு

பூங்கொடி அம்மாள் தன் அண்ணன் மகன்மீது வைத்திருந்த நம்பிக்கை நூற்றுக்கு ஏழு என்று அரசாங்கமே அளந்து, முத்திரை குத்தி, கையில் கொடுத்துவிட்டது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதே நாளில், பத்திரப்பதிவு அலுவலகத்தின் லிஃப்ட்மீது அவர் வைத்திருந்த நம்பிக்கை முப்பத்தொன்று.

"லிஃப்டுக்கு முப்பத்தொண்ணுங்கம்மா," என்றார் வக்கீல் ஹசீனா, அறிக்கையை மேசைமேல் திருப்பி வைத்தபடி. "அண்ணன் பையனுக்கு ஏழு. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க கேஸ் நடத்தறது?"

"லிஃப்டு என்ன பண்ணுச்சு, பாவம். மேல போன்னா மேல போச்சு. கீழ வான்னா கீழ வந்துச்சு."

ஹசீனா சிரிக்கவில்லை. திருப்பூர் நீதிமன்றத்தில் மூத்தோர் சொத்து வழக்குகளாகவே பார்த்துப் பார்த்து, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் 'உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க' என்று கேட்பதையே நிறுத்திவிட்டவர்.

பூங்கொடி தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். அறுபது நிரம்பியவர்களுக்கெல்லாம் அரசு இலவசமாக மாட்டிவிடும் சாம்பல் நிற வளையம் அதில் கிடந்தது. பெயர் நம்பகமானி. ஒரு காலத்தில், பிள்ளைகளிடமும் பேரன்களிடமும் சொத்தைப் பறிகொடுத்தவர்கள் நீதிமன்றத்துக்கு வந்து 'நம்பிக் கொடுத்தேனுங்க' என்று அழுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'நம்பியதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்பார். வழக்கு அதோடு படுத்துவிடும். இதற்கு ஒரு முடிவு கட்ட அரசு ஒரு குழு போட்டது. குழு பல நாடுகளுக்குப் பறந்து, எல்லா ஊரிலும் வயதானவர்கள் ஏமாற்றப்படுவதைக் கண்ணாரக் கண்டு, மனம் நெகிழ்ந்து, கடைவீதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியது. திரும்பும்போது கொண்டுவந்ததுதான் இந்த வளையம். நாடித் துடிப்பு, உள்ளங்கை வேர்வை, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எதிரே நிற்பதன்மீது உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று எண்ணில் சொல்லும். நிற்பது மனிதனா, மின்தூக்கியா என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

"மறுபடி ஒருக்கா சொல்லு கண்ணு. அறுபதுன்னு என்னமோ சொன்னியே?"

"கையெழுத்துப் போடற நேரத்துல உங்க நம்பிக்கை அறுபதுக்கு மேல இருந்திருந்தா, சட்டம் அவரை உங்க நம்பிக்கைப் பொறுப்பாளரா எடுத்துக்கும். அப்ப, யோக்கியமா நடந்தேன்னு அவருதாங்க நிரூபிக்கணும். அறுபதுக்குக் கீழ போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் சந்தையில சந்திச்ச மூணாம் மனுசங்க. ஏமாத்துனாருன்னு நாமதான் நிரூபிக்கணும்."

"நமக்கு ஏழு."

"ஆமாங்க. அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. நம்பாத ஒருத்தரை எப்படி ஏமாத்த முடியும்னு."

"எங்க பக்கத்து வீட்டு சுகந்திக்கு டிவி ஜோசியர்மேல எண்பத்தெட்டு காட்டுதாம். தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா."

"அவரு ஏமாத்துனா அவங்களுக்கு கேஸ் நல்லா நிக்கும்ங்க," என்றார் ஹசீனா. அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

பூங்கொடி பெருமூச்சு விட்டார். "என்ற வீட்டுக்காரர் இருக்கையில இதைக் கட்டிக்கிட்டு அவரு முன்னால உக்காந்தேன். பதினொண்ணு காட்டுச்சு. நாப்பது வருசம் ஒரு பொய் சொல்லாத மனுசன். பதினொண்ணைப் பார்த்துட்டு ரெண்டு நாள் எங்கூடப் பேசலை."

பெயர்தான் பூங்கொடி. ஆள் முள்வேலி. முப்பது வருடம் பனியன் செக்கிங் யூனிட் நடத்தியவர். கம்பெனிகள் தைத்து அனுப்பும் சரக்கு அவரிடம் வரும். ஓட்டை, கறை, கோணல் தையல் எல்லாவற்றையும் பார்த்து, தேறியதைப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். எதைக் கண்டாலும் இதில் எங்கே ஓட்டை என்று தேடுவதே தொழிலாகிப்போன உடம்பு அது. கோவிலில் கண்மூடி நிற்கும்போதும் அவருடைய நாடி, அர்ச்சகர் தட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறார் என்று கவனித்துக்கொண்டுதான் துடிக்கும். வளையத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

அந்த யூனிட்டின் வருமானத்தில் அவரும் கணவருமாகக் கட்டியது ஒரு லைன் வீடு. வரிசையாக எட்டு வீடு, எட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஏழில் வாடகைக்குக் குடித்தனங்கள். முதல் வீட்டில் அவர். பிள்ளை இல்லை. அவருடைய சாப்பாடு, மாத்திரை, வைராக்கியம் எல்லாமே அந்த வாடகையில்தான் ஓடின. இப்போது அந்த லைன் வீட்டின் முகப்பில் 'பரிவகம்: மூத்தோர் வாழ்வு மேலாண்மை' என்று பலகை தொங்குகிறது. முதல் வீட்டையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. நோட்டீஸின் தலைப்பிலேயே 'அன்புள்ள அம்மா' என்று போட்டிருந்தார்கள்.

அந்தப் பரிவகத்தில்தான் அண்ணன் மகன் யுகேந்திரன் வேலை பார்த்தான். 'முதுநிலை வாழ்வு ஒருங்கிணைப்பாளர்' என்பது பதவி. முட்டி ஆபரேஷனாகி பூங்கொடி படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். வாடகை வசூலிக்க, வரி கட்ட, ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்க, எல்லாவற்றுக்கும் ஒரு பவர் பத்திரம் போதும் என்றான். மின்பத்திரங்களில் இயந்திரங்கள் புகுந்து விளையாடிய பிறகு அரசு மறுபடி காகிதத்துக்கே வந்திருந்த காலம் அது. பவர் பத்திரம் எழுபது பக்கம். அந்த எழுபதுக்கு நடுவில் ஒரு தானசெட்டில்மென்ட் உட்கார்ந்திருந்தது. எட்டு வீட்டையும் அன்பின் மிகுதியால் அவர் பரிவகத்துக்குத் தானம் செய்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார் ஹசீனா. "நீங்க அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசா?"

பூங்கொடி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

யுகேந்திரன் மறுநாள் காலையிலேயே வந்தான். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டு, குனிந்து காலைத் தொட்டான். சொத்தைத் தன் கம்பெனி பேருக்கு மாற்றிய நாளிலும் இப்படித்தான் தொட்டான். மரியாதையில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது.

"ஏனுங்கத்தை, முட்டி எப்படீங்க இருக்குது?"

"இருக்கற எடத்துல இருக்குது. நீதான் எடம் மாறி வந்திருக்கற. என்ன விசயம்?"

"கம்பெனில பேசிட்டு வந்தேனுங்க. கேஸை வாபஸ் வாங்கிட்டீங்கன்னா இந்த மொதல் வீட்டுல நீங்க இருக்கற வரைக்கும் இருந்துக்கலாமுங்க. வாடகை வேண்டாமுங்க."

"என்ற வீட்டுல எனக்கு வாடகை வேண்டாமாக்கும்."

"கோவிச்சுக்காதீங்கத்தை. நாங்க சட்டப்படிதானுங்க பண்ணியிருக்கோம். உங்களைக் கட்டாயப்படுத்தலை, அவசரப்படுத்தலை. நீங்க எப்பேர்ப்பட்ட ஆளுன்னு ஊருக்கே தெரியுமுங்க. கோர்ட்டுல போயி நான் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு நீங்க சொன்னா ஆருங்க நம்புவாங்க? உங்களுக்குத்தானுங்க கேவலம்."

அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அதுதான் பூங்கொடிக்குப் பொறுக்கவில்லை.

"பார்த்துத்தான்டா போட்டேன்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். பத்தாம் பக்கம், இருபதாம் பக்கம், முப்பதாம் பக்கம்னு எவ்வளவு நிதானமாப் பார்த்தீங்க. பக்கத்துலதானுங்க நின்னேன்."

பூங்கொடியின் கை நாற்காலிப் பிடியில் நின்றது. அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் பத்திரம் புரட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவன், 'பார்த்தாங்க' என்று சொல்வான். எந்தெந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டான். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிற்பவன்தான் சொல்வான்.

"தானம் எந்தப் பக்கத்துலடா இருந்துச்சு?"

"நாப்பத்திமூணுங்க," என்றான் யுகேந்திரன், பழக்கதோஷத்தில். பெரியவர்கள் கேட்டால் உடனே பதில் சொல்லும்படி வளர்க்கப்பட்டவன்.

அவன் போனபிறகு பூங்கொடி ஹசீனாவுக்கு போன் போட்டார். "கண்ணு, என்னையக் கூண்டுல ஏத்து."

"வேண்டாங்கம்மா. அந்தப் பக்கம் வர்றது சந்திரசூடன். உங்களைக் கிழிச்சுருவாரு."

"கிழியட்டும். ஏத்து."

மூத்த வழக்கறிஞர் சந்திரசூடன் நம்பிக்கையைப் பற்றிப் பேச எழுந்தால், ரோமாபுரியில் இறங்கி, லண்டனில் காபி குடித்துவிட்டுத்தான் திருப்பூருக்கு வருவார். அவருக்குப் பின்னால் இரண்டு ஜூனியர்கள். அவர்களுக்குப் பின்னால் தீர்ப்புகளை முணுமுணுக்கும் ஓர் இயந்திரம். மூன்றுமே அவர் தலையசைக்கும்போது தலையசைத்தன. அன்று வாதத்தை முடிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"கனம் நீதிபதி அவர்களே. நம்பிக்கை என்பது புனிதமானது. நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் துரோகம் இருக்க முடியும். இந்த அம்மையாரின் நம்பிக்கை ஏழு. நான் சொல்லவில்லை, அறிவியல் சொல்கிறது. ஏழு சதவீதம் நம்புகிறவர் எப்படிப் படிப்பார்? எழுத்தெழுத்தாகப் படிப்பார். படித்தார். பதிவு அலுவலகத்தின் காணொளியே சாட்சி. போடச் சொல்லுங்கள்."

திரையில் பூங்கொடி தெரிந்தார். சக்கர நாற்காலி, கண்ணாடி, மடியில் பத்திரம். பக்கத்தில் கைகட்டி நிற்கும் யுகேந்திரன். பூங்கொடி ஒரு பக்கத்தைத் திருப்பி, விரலை வரிவரியாக ஓட்டிப் படிக்கிறார். பிறகு ஒரு கொத்தாகத் தள்ளிவிட்டு இன்னொரு பக்கம். அதையும் விரல் வைத்து.

"கவனியுங்கள்," என்றார் சந்திரசூடன். "இது நம்பி ஏமாந்த அபலையின் விரலா?"

நீதிபதி பெரியநாயகம் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. பொதுவாக அவர் எதையும் கவனிக்காதது போல் உட்கார்ந்திருப்பார். காணொளியை இன்னொரு முறை போடச் சொன்னார்.

பிறகு பூங்கொடி கூண்டில் ஏறினார். மூன்று படி. முட்டி ஒத்துழைக்கவில்லை. நாற்காலி போட்டுத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். நீதிமன்றத்தில் பாதிப்பேர் பனியன் தொழில்காரர்கள். அவரிடம் சரக்கு கொடுத்து, பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய் முணுமுணுத்தவர்கள். பூங்கொடியம்மா ஏமாந்த கதையை அவர் வாயாலேயே கேட்க வந்திருந்தார்கள்.

ஹசீனா கேட்டார். "பத்திரத்தை முழுசாப் படிச்சீங்களா?"

"இல்லை."

கூட்டத்தில் சலசலப்பு. சந்திரசூடன் புன்னகைத்தார். ஜூனியர்களும் புன்னகைத்தார்கள்.

"எத்தனை பக்கம் படிச்சீங்க?"

"ஏழு. பத்துக்கு ஒண்ணு." பூங்கொடி நீதிபதியின் பக்கம் திரும்பினார். "சாமி, நான் செக்கிங் யூனிட் வெச்சிருந்தவ. புதுசா ஒரு பார்ட்டிகிட்ட இருந்து சரக்கு வந்தா நூறு பொட்டியையும் பிரிப்பேன். ஒண்ணு விடமாட்டேன். பழகின பார்ட்டின்னா பத்தாவது, இருபதாவதுன்னு பத்துக்கு ஒரு பொட்டி பிரிச்சுப் பார்ப்பேன். அது சரியா இருந்தா மீதியைப் பிரிக்காம அனுப்பிருவேன். எல்லாத்தையும் பிரிச்சா பழகினவங்களுக்கு மனசு சங்கடப்படுமுங்க."

"ஆட்சேபணை," என்று எழுந்தார் சந்திரசூடன். "அம்மையாரே, பத்துக்கு ஒன்றாவது பிரித்துப் பார்த்தீர்கள் அல்லவா? சந்தேகம் இருந்ததால்தானே பிரித்தீர்கள்?"

"சந்தேகம் சரக்கு மேலீங்க. அது என்ற தொழில். கடவுளே தெச்சுக் கொண்டாந்தாலும் பத்துக்கு ஒண்ணு பிரிப்பேன்."

"அப்படியென்றால் நம்பிக்கை எங்கே இருக்கிறது?"

"பிரிக்காம விட்ட பொட்டில இருக்குதுங்க," என்றார் பூங்கொடி. "உங்க வளையம் நான் படிச்ச ஏழு பக்கத்தைத்தான் அளந்துச்சு. படிக்காம விட்ட அறுபத்திமூணு பக்கத்தை அளக்கலை."

சந்திரசூடன் வாயைத் திறந்தார். ரோமாபுரியில் இதற்குப் பதில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இயந்திரம் தீர்ப்புகளைத் தேடிக்கொண்டிருந்தது. ஜூனியர்கள் எந்தப் பக்கம் தலையசைப்பது என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பையன் இருக்காரா? எழுந்திரிங்க தம்பி."

யுகேந்திரன் எழுந்து கைகட்டி நின்றான்.

"நீங்க அத்தை யூனிட்ல வேலை பார்த்திருக்கீங்களா?"

"காலேஜ் லீவுல போவேனுங்க ஐயா. பொட்டி அடுக்குவேனுங்க."

"பழகின பார்ட்டிக்கு எத்தனைக்கு ஒண்ணு பிரிப்பாங்க?"

"ஆட்சேபணை" என்ற சொல் சந்திரசூடனின் தொண்டையிலிருந்து கிளம்பி வாய்க்கு வருவதற்குள் யுகேந்திரன் பதில் சொல்லிவிட்டான். "வேத்தாளுன்னா எல்லாமுங்க. நம்மாளுன்னா பத்துக்கு ஒண்ணுங்க."

"அப்ப நீங்க அவங்களுக்கு வேத்தாளா, நம்மாளா?"

வேத்தாள் என்றால், திரையில் அத்தை எழுபது பக்கமும் புரட்டியிருக்க வேண்டும். ஏழுதான் புரட்டியிருந்தார், காணொளியைப் போடச் சொன்னதே அவனுடைய வக்கீல்தான். நம்மாள் என்றால், வழக்கு முடிந்துவிட்டது. யுகேந்திரன் சந்திரசூடனைப் பார்த்தான். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையைப் பார்த்தான். அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் காலை மாற்றி நின்று, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் பார்வை.

"சொல்லுங்க தம்பி."

"நம்மாளுங்க," என்றான் யுகேந்திரன், யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது.

தீர்ப்பு சின்னதாகத்தான் இருந்தது. நம்பிக்கை என்பது நாடியில் ஓடுவதல்ல. இவர் பார்த்துக்கொள்வார் என்று ஒருவர் தன் கண்ணை எடுத்துவிடும் இடத்தில் அது இருக்கிறது. அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு அங்கே கைவைத்தவர், கணக்குப்படி நம்பப்படவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பவர் வாங்கியவர், வளையம் என்ன காட்டினாலும் நம்பிக்கைப் பொறுப்பாளரே. யோக்கியமாக நடந்ததை நிரூபிக்க வேண்டியவரும் அவரே. தானசெட்டில்மென்ட் செல்லாது. லைன் வீடு பூங்கொடிக்கே. யுகேந்திரன் இனி எவருடைய பவரையும் வாங்கக் கூடாது.

பரிவகத்தின் பலகையைக் கழற்ற ஆள் வந்தபோது பூங்கொடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆணி ஓட்டைகளைச் சிமெண்டு வைத்துப் பூசும்வரை எழுந்திருக்கவில்லை.

தீர்ப்பின் மகிமை ஒரு வாரத்தில் தெரிந்தது. ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் திடீரென்று உத்தமர்களானார்கள். 'அப்பா, உங்க சொத்து உங்ககிட்டயே இருக்கட்டும்' என்றார்கள். இத்தனை நாள் பெற்றவர்களின் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவர்கள், இப்போது அது தங்கள் பக்கம் நீண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் பவர் விடுவிப்புக்கு வரிசை நின்றது. வங்கிகளில் நடக்க முடியாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு தாங்களே வந்து நின்றார்கள். பரிவகம் பெயரை மாற்றிக்கொண்டு நாய்களுக்கான காப்பகம் தொடங்கியது. நாய்களுக்குச் சொத்து இல்லை என்பதை அவர்கள் பிறகுதான் கவனித்தார்கள்.

"நல்லது பண்ணப் போயி ஊருக்கே வெனையை இழுத்து விட்டுட்டீங்க அக்கா," என்றாள் சுகந்தி. "என்ற மகன் ஆஸ்பத்திரி ஃபாரத்துலகூடக் கையெழுத்துப் போடமாட்டீங்கறான்."

"உன்ற ஜோசியரைப் போடச் சொல்லு," என்றார் பூங்கொடி. ஆனால் அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அடுத்த முட்டிக்கு நாள் குறிக்க வேண்டும். கூட வந்து கையெழுத்துப் போட அவருக்கும் ஆள் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மாலை யுகேந்திரன் வந்தான். வேலை போயிருந்தது. ஆள் இளைத்திருந்தான். வாசலிலேயே நின்றான்.

"ஏனுங்கத்தை."

"சொல்லு."

"அப்பாவுக்கு வலதுபக்கம் விழுந்துருச்சுங்க. கையும் வரலை, பேச்சும் கொழறுது."

அண்ணன் சென்னியப்பன். தீர்ப்பு வந்த நாளிலிருந்து தங்கையோடு பேசாதவர்.

"ஆஸ்பத்திரில என்ன சொல்றாங்க?"

"நாளாகுமுங்க. தோட்டம், பேங்க், மருந்து எல்லாத்துக்கும் ஒருத்தரு பவர் எடுத்தாகணுமுங்க. நான் எடுக்கக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. சித்தப்பாகிட்டக் கேட்டேன், ஒரம்பரை, சொந்தபந்தம்னு ஒருத்தரு விடாமக் கேட்டேன். தீர்ப்பைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் ஒதுங்கறாங்க." அவன் செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றினான். "நீங்கதானுங்க எடுத்துக்கணும்."

அந்தத் தோட்டம் நாளை அவனுக்கு வரவேண்டியது. இனி அதன்மீது அத்தை எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். அது அவனுக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"அண்ணன் சொல்லித்தான் வந்தியா?"

"அப்பாதானுங்க எழுதிக் காட்டுனாரு. எடது கையில."

"உனக்கு என்மேல நம்பிக்கை இருக்குதா?"

யுகேந்திரன் வழக்கமான பதிலைத் தேடினான். அதில் எத்தனை 'ங்க' போட்டாலும் எடுபடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"வேற வழியில்லீங்கத்தை," என்றான்.

"அதுக்குப் பேருதான்டா அது," என்றார் பூங்கொடி. "முட்டியைப் பொளந்து கட்டுப்போட்டுக்கிட்டு நான் படுத்திருந்தப்ப எனக்கும் வேற வழி இருக்கலை."

அவன் தரையைப் பார்த்தான். பூங்கொடி அவனை நன்றாகப் பார்க்கவிட்டார். பிறகு ஊன்றுகோலை எடுத்தார்.

"எடுத்துக்கறேன். அண்ணன் காகிதமெல்லாம் கொண்டா."

"கொண்டாறேனுங்க. முக்கியமானதை மட்டும் பிரிச்சு எடுத்து நாளைக்கி..."

"எல்லாத்தையும்."

யுகேந்திரன் நின்ற இடத்திலேயே நின்றான். "எல்லாமேவாங்கத்தை?"

"ஏன், அதுலயும் எங்கியாவது வெச்சிருக்கியா?"

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்டால் உடனே பதில் சொல்பவன், முதல்முறையாகச் சும்மா நின்றான்.

பூங்கொடி வாசல் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வண்டியை எடு. நானே வந்து எடுத்துக்கறேன். முன்னால நட."